அப்பா கொடுத்த வாள்!

பகலில் ஸ்கூல் யூனிஃபார்ம். ராத்திரியில் கையில் வாள். லண்டன் தெருக்களில் பேய், பிசாசுகளோடு மோதுகிறாள் 15 வயது பில்லி. கேட்கும்போதே புத்தகத்தைக் கையில் எடுக்கத் தோன்றுகிறது அல்லவா? 2009-ல் வெளியான ஆங்கில நாவல் 'டெவில்ஸ் கிஸ்', டீன் ஏஜ் வாசகர்களுக்கு இப்படித்தான் தூண்டில் போடுகிறது. எழுதியவர் சர்வத் சட்டா. இன்ஜினீயராக இருந்து எழுத்தாளர் ஆனவர். இது அவரது முதல் நாவல்.

பில்லி சேர்ந்திருப்பது 'டெம்ப்ளர்' படையில். இது நிஜமாகவே இருந்த படை. ஜெருசலேம் போகும் யாத்ரீகர்களைக் காக்க 1119-ஐ ஒட்டி உருவான கிறிஸ்தவத் துறவி வீரர்கள் இவர்கள். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை அன்று பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப் இவர்களைக் கூண்டோடு கைதுசெய்தார். 1312-ல் போப் அமைப்பையே கலைத்துவிட்டார். லண்டனில் 12-ம் நூற்றாண்டில் இவர்கள் கட்டிய வட்டவடிவ டெம்பிள் சர்ச் இன்றும் இருக்கிறது.

இந்தப் படை கலையாமல் இன்றும் ரகசியமாக இயங்கினால்? அதுதான் சட்டாவின் கற்பனை. அருமையான கற்பனை. சறுக்கல் அதற்குப் பிறகுதான்.

படையின் தலைவர் ஆர்தர், பில்லியின் அப்பா. இறந்துபோன அம்மா முஸ்லிம். படையில் இருக்கும் ஒரே பெண் பில்லி. இந்த வாழ்க்கையை அவள் கேட்டு வாங்கவில்லை, அப்பா சுமத்தியது. மகளிடம் ஒரு அன்பான வார்த்தை பேசவும் யோசிக்கிற அப்பா, இரண்டு மதங்களுக்கு நடுவே பிறந்த பெண்... மனசைப் பிழியும் கதை இங்கேயே இருக்கிறது.

ஆனால், நாவல் அங்கே நிற்பதில்லை. அம்மாவின் நினைவு நாலு வரி வந்தால், அடுத்த பக்கமே சண்டை. அப்பாவின் மனசு திறப்பதற்குள் இன்னொரு பிசாசு வந்துவிடுகிறது. நடுவில் அறிமுகமாகும் அழகான இளைஞன் சாதாரண ஆள் இல்லை என்பது நமக்கு உடனே புரிகிறது. பேய் வேட்டைக்குப் பழகிய பில்லிக்கு மட்டும் ஏனோ லேட்டாகப் புரிகிறது!

பைபிளில் எகிப்தைத் தாக்கும் பத்தாவது வாதையை, தலைப்பிள்ளைகளின் மரணத்தை, இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த விதத்தில் பயம் இருக்கிறது. சண்டைக் காட்சிகளில் வேகமும் இருக்கிறது. புத்தகத்தைக் கீழே வைக்கவிடாதவை இவைதான்.

ரத்தம் கொஞ்சம் அதிகம் என்பதால், 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கலாம். காசு கொடுத்து வாங்குவதைவிட, நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படிக்கலாம். வீட்டில் பிள்ளைகள் படித்து முடித்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பில்லியின் இடத்தில் நீ இருந்திருந்தால், அப்பா நீட்டிய வாளை வாங்கியிருப்பாயா?"

நாவல் பேசாமல் விட்டதை அவர்கள் பேசக்கூடும்.