வளையல் போட்ட கையில் கிளாஸ் எதற்கு?



போன ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயில் மண்டபத்தில் நடந்த வளைகாப்பில் நான் வாயைத் திறந்ததற்கு, வாட்ஸ்அப் குரூப்பில் என்னைத் திட்டுகிறார்கள். "தொண்டன்னா இலை எடுக்கிற வேலையை மட்டும் பாரு, அடுத்தவன் குடும்பத்துல ஏன் மூக்கை நுழைக்கிற?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. இலையும் எடுத்தாச்சு, மண்டபமும் கூட்டியாச்சு. இப்போ பதில் சொல்றேன்.

நடந்தது இதுதான். ஏழு மாசம் நிறைஞ்ச பொண்ணு. கை நிறைய வளையல், நெத்தியில குங்குமம். உள்ளே நலங்கு, வெளியே கார் பார்க்கில் பூட்டைத் திறந்து வச்சு பீர். அதுகூடப் பழகிப்போன அசிங்கம்னு விட்டுடலாம். ஒரு பெரியம்மா ஒரு கிளாஸை எடுத்துட்டுப் போய் அந்தப் பொண்ணு கையில கொடுத்து, "ஸ்டவுட்தாம்மா, ரத்தம் ஊறும், கொஞ்சம் குடி" என்கிறார். அதைப் பார்த்துதான் "வேணாம்மா, கொடுக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அந்தப் பெரியம்மாவைக் கேவலமாப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. 28 வருஷத்துக்கு முன்னாடி என் மனைவி முழுகாம இருந்தப்போ, என் அம்மா ஸ்டவுட்டில் முட்டை அடிச்சுக் கொடுத்தாங்க. கடைக்குப் போய் அந்த பாட்டிலை வாங்கிட்டு வந்தது நான்தான். தெரியாமல் செய்தோம். என் மகன் நல்லா இருக்கான். "அப்போ என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பீங்க. ஹெல்மெட் போடாம ஃபேக்டரிக்குப் போய் உயிரோட திரும்பி வர்றவனும் இருக்கான். அதுக்காக ஹெல்மெட் வேண்டாம்னு ஆகிடுமா? எனக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம். அதை மருந்துன்னு நான் அடுத்தவங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஸ்டவுட் கறுப்பா இருக்கே, இரும்புச் சத்துன்னு நினைக்கிறாங்க. ஒரு கிளாஸில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 27 மில்லிகிராம். அரசாங்க கிளினிக்கில் ரத்தம் சோதிச்சு, குறைஞ்சிருந்தா மாத்திரை கொடுக்கிறாங்க. அந்த மாத்திரையை அலமாரியில் போட்டுட்டு, கடையில காசு கொடுத்து ஸ்டவுட் வாங்குறோம்!

தாய் குடிக்கும் மது ரத்தத்தில் கலந்து தொப்புள்கொடி வழியாப் பிள்ளைக்குப் போகிறது. அதை முறிக்கிற அளவுக்குப் பிள்ளையின் கல்லீரல் வளரவில்லை. மூளையோ ஒன்பது மாசமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எடை குறையலாம், தலை சிறுத்துப் போகலாம். பல பிள்ளைகளுக்கு முகத்தில் ஒண்ணுமே தெரியாது. பள்ளிக்கூடம் போன பிறகுதான், பாடம் மண்டையில் ஏறல, ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குதுன்னு தெரியும். நாம "சோம்பேறி", "சேட்டை"ன்னு அடிப்போம். தாய் வயித்துல பட்ட அடிக்குப் பிள்ளை முதுகில் இன்னொரு அடி! 1973-லேயே அமெரிக்க டாக்டர்கள் இதுக்குப் பேர் வச்சுட்டாங்க. முழுசாக் குணமாக்க மருந்து இல்லை. பீர், வைன், கள்ளு, சம்சு எல்லாம் ஒண்ணுதான். இவ்வளவு குடிச்சா ஆபத்தில்லைன்னு எந்த அளவையும் யாரும் கண்டுபிடிக்கல.

நான் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெஷின் செட்டிங் தப்பா இருந்தா, கடைசியில் நிக்கிற செக்கர் என்ன பண்ண முடியும்? ஆரம்பத்திலேயே பார்க்கணும். அங்கேயாவது ரிஜெக்ட் பெட்டி இருக்கு. பிள்ளைக்கு அது கிடையாது.

அதனால்தான் சொல்றேன், நாள் தள்ளிப்போனால் உடனே கிளினிக்குக்குப் போங்க. 12 வாரத்துக்குள்ள பதிஞ்சு பிங்க் புக் வாங்குங்க. குடிப் பழக்கம் இருக்கான்னு மிஸ்ஸி கேட்டா உண்மையைச் சொல்லுங்க. கேக்கலன்னா நீங்களே சொல்லுங்க. எல்லாக் கர்ப்பிணிகளிடமும், ஒவ்வொரு முறை வரும்போதும் இதைக் கேக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லியிருக்கு. உங்களைப் பிடிச்சுக் கொடுக்கிறதுக்காகக் கேக்கல, பிள்ளையைக் காப்பாத்தக் கேக்கிறாங்க. மாமியாரும் புருஷனும் பக்கத்துல உட்கார்ந்து முறைச்சா எந்தப் பொண்ணு உண்மை சொல்லும்? கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்களேன்.

கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி குடிச்சுட்டேனேன்னு அழுகிற தங்கச்சிகளே, பயந்து ஒளியாதீங்க. இன்னிக்கு நிறுத்தினா இன்னிக்கிலிருந்து பிள்ளைக்கு நல்லது. ஆனா தினமும் அதிகமாக் குடிச்சு, இல்லன்னா கை நடுங்குற நிலையில இருக்கிறவங்க வீட்டுல தானா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்தணும். பிரசவம் ஆன பிறகு உடம்பு சூட்டுக்குன்னு பிராந்தி ஊத்துற மாமியார்களே, அது தாய்ப்பாலிலும் போகும்.

ஆம்பளைகளே, பொம்பளையைத் திட்டப் போறேன்னு நினைச்சு இவ்வளவு நேரம் சந்தோஷமாப் படிச்சிருப்பீங்க. வீட்டுக்கு பாட்டிலைக் கொண்டுவர்றது யார்? நீங்க குடிச்சுட்டு வந்து சண்டை போட்டா, அந்தக் கவலையில அவ எதைத் தேடுவா? அந்த ஒன்பது மாசம் வீட்டுக்குள்ள பாட்டில் வரக்கூடாது. அதுதான் புருஷன் கட்டுற காப்பு.

கோயிலில் இதைப் பேசலாமான்னு கேக்கிறீங்க. பிரகலாதன் கர்ப்பத்தில் இருந்தே நாரதர் உபதேசம் கேட்டான்னு நம்ம மண்டபத்தில்தானே சொற்பொழிவு நடக்குது? உபதேசம் உள்ளே போகும், ஸ்டவுட் மட்டும் போகாதா? 1946, 47-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. 1941 கிள்ளான் வேலை நிறுத்தத்தில், கள்ளுக்கடையை மூடுன்னு தோட்டத் தொழிலாளிகள் கேட்டார்கள். லயத்து வீட்டில் இருந்தவங்களுக்கு இருந்த ரோஷம், தாமான் வீட்டுல இருக்கிற நமக்கு எங்கே போச்சு?

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இரண்டுதான். மண்டபம் வாடகைக்குக் கொடுக்கும் தாளில், கார் பார்க்கிலும் மது கூடாதுன்னு எழுதுங்க. மீறினா டெபாசிட் திரும்பாது. ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்தின வளையலைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும்போது, ஒரு மிஸ்ஸியைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேச வையுங்க.

அந்த ஏழு மாசப் பொண்ணு அன்னிக்குக் கிளாஸைக் கீழே வச்சிடுச்சு. போகும்போது "நன்றி அங்கிள்" என்று மெதுவா சொல்லிட்டுப் போச்சு. குரூப்பில் நீங்க எவ்வளவு திட்டினாலும் எனக்கு அது போதும்.

ஓம் சக்தி.
உங்கள் ஆலயத் தொண்டன்