நாற்பது நிமிஷத்துல சோஃபா சுத்தமாயிடுமா?

"மூணு சீட் சோஃபா, நாற்பதே நிமிஷத்துல புதுசு மாதிரி!" இப்படி ஒரு விளம்பரம் உங்க போன்ல கண்டிப்பா வந்து போயிருக்கும். தீபாவளி, பொங்கல், வீட்டுல ஏதாவது விசேஷம்னா அம்மாவே போனை நீட்டி "இதை புக் பண்ணிக் குடு"ன்னு சொல்லியிருப்பாங்க. பத்து நிமிஷத்துல பால் பாக்கெட் வாசலுக்கு வந்து பழகிட்ட நமக்கு நாற்பது நிமிஷமே கொஞ்சம் நீளமாத்தான் தெரியும்.

சோஃபா கழுவறதுக்கும் நம்ம இதழுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. அந்த நாற்பது நிமிஷத்தை முடிவு பண்றது பிரஷ் பிடிக்கிற அண்ணன் இல்லை. எங்கேயோ ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து அந்த ஆப்பை எழுதினவர்தான். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல அந்த நாற்காலியில நம்மள்ல சில பேர் உட்காரப் போறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேகம் தப்பில்லை. ஆனா எந்த இடத்துல வேகமா போகணும், எந்த இடத்துல பொறுத்து நிக்கணும்னு தெரியாம மொத்த வேலைக்கும் ஒரே கடிகாரத்தை மாட்டறது தப்பு. அந்தத் தப்புக்கான விலையை வாடிக்கையாளரும் தொழிலாளியும்தான் கொடுக்கறாங்க. கடிகாரத்தை மாட்டினவர் கொடுக்கறதில்லை.

நாலு பங்கு உள்ள ஒரு வட்டம்

ஜெர்மனியில ஹென்கெல் நிறுவனத்துல வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர்ங்கற வேதியியலாளர் 1959ல ஒரு எளிமையான படத்தைக் கொடுத்தார். 'சின்னர் வட்டம்'னு அதுக்குப் பேர். எந்த அழுக்கை எடுக்கவும் நாலு விஷயம் வேணும்: ரசாயனம், வெப்பம், தேய்ப்பு, நேரம். ஒண்ணைக் குறைச்சா மத்த மூணுல ஏதாவது ஒண்ணைக் கூட்டித்தான் ஆகணும். வட்டம் முழுசா நிரம்பணும், அவ்வளவுதான்.

இப்போ நேரத்தைக் குறைக்கறோம்னு வெச்சுக்குங்க. எதைக் கூட்டுவீங்க? வெப்பத்தைக் கூட்டினா சில துணி சுருங்கும், சாயம் போகும். தேய்ப்பைக் கூட்டினா துணியில பிசிறு கிளம்பும், வெல்வெட்டா இருந்தா அதோட படிவே கெட்டுப் போகும். மிச்சம் இருக்கறது ரசாயனம். அதனால அவசரத்துல எல்லாரும் ஷாம்பூவைத்தான் கூட்டறாங்க. அந்த ஷாம்பூவை முழுசா அலசி எடுக்கவும் நேரம் வேணும், அது இல்லை. துணியில தங்கிப் போன சோப்புப் பிசுக்கு, வர்ற தூசியை எல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். கழுவின சோஃபா கழுவாததைவிட சீக்கிரம் அழுக்காகறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. சீக்கிரம் அழுக்கானா அடுத்த ஆர்டரும் சீக்கிரம் வரும்! தப்பா செய்யற வேலைக்கே பரிசு கிடைக்கிற ஏற்பாடு இது.

எங்கே பொறுக்கணும்?

ஒழுங்கா செய்யற வேலை எப்படி இருக்கும்னு பார்ப்போம். முதல்ல துணியில காய்ஞ்ச தூசியை வேக்குவம்ல எடுக்கணும். இதைத் தாண்டிப் போனா தண்ணீர் பட்டதும் அந்தத் தூசி சேறாகி ஃபோமுக்குள்ள இறங்கிடும். அடுத்து, இது என்ன துணின்னு பார்க்கணும். பல சோஃபாக்கள்ல குஷனுக்கு அடியில ஒரு சின்ன சீட்டு தைச்சிருக்கும். அதுல டபிள்யூன்னு இருந்தா தண்ணீர் சார்ந்த கிளீனர் போடலாம். எஸ்னு இருந்தா தண்ணீர் ஆகாது, சால்வென்ட் மட்டும்தான். டபிள்யூ-எஸ்னா ரெண்டும் சரி. எக்ஸ்னா வேக்குவம் தவிர வேற எதுவும் கூடாது. சீட்டு இல்லைன்னா பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு துளி விட்டு, வெள்ளைத் துணியால ஒத்திப் பார்க்கணும். சாயம் ஒட்டுதான்னு தெரிய சில நிமிஷம் ஆகும்.

அப்புறம் கரைசலைத் தெளிச்சிட்டு, காயவும் விடாம பத்து பதினைஞ்சு நிமிஷம் ஊற விடணும். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறு எண்ணெய்ப் பசையைச் சுத்தி வளைச்சுப் பிரிச்செடுக்கறது அந்த நேரத்துலதான். பார்க்கிறவருக்கு "ஆள் சும்மா நிக்கிறாரே"ன்னு தோணும். உண்மையில வேலை நடந்துக்கிட்டு இருக்கறது அப்போதான். கடைசியா தேய்ச்சு, அலசி, அழுக்குத் தண்ணியை உறிஞ்சி எடுக்கணும். அதுக்கு மேல தண்ணீர் விடாம வெறும் உறிஞ்சல் மட்டும் இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை ஓட்டணும்.

அவசரத்துல முதல்ல வெட்டப்படறது எது? சாயச் சோதனை, ஊறல், கடைசி உறிஞ்சல். மூணும் வெளியே தெரியாத வேலை. நுரையும் பிரஷ் சத்தமும் மட்டும் குறையறதே இல்லை, அது கண்ணுக்குத் தெரியுதே!

ஒரு லிட்டர் கணக்கு

அந்தக் கடைசி உறிஞ்சலை விட்டா என்ன ஆகும்னு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபோமுக்குள்ள ஒரு லிட்டர் தண்ணீர் தங்கிட்டதுன்னு வெச்சுக்குங்க. 30 டிகிரியில அது ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வேணும், அதாவது ஒரு யூனிட் கரண்ட்ல மூணுல ரெண்டு பங்கு. அதுக்குப் பதிலா 1,000 வாட் வேக்குவத்தை இன்னும் மூணு நிமிஷம் ஓட்டினா செலவு 180 கிலோஜூல்தான். அந்த மூணு நிமிஷத்துல பாதித் தண்ணி வெளியே வந்தாலே கொள்ளை லாபம்.

இன்னும் ஒண்ணு. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். சென்னை மாதிரி ஊர்ல மழை நாள்ல ஈரப்பதம் 80 சதவீதம்னா, மிச்சம் இடம் 6 கிராம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம், பத்தடி உயரம்னா சுமார் 34 கன மீட்டர். பெருக்கினா 200 கிராம் சொச்சம். ஒரு லிட்டரை வெளியே அனுப்ப அந்த ரூம் காத்து முழுசா அஞ்சு தடவை மாறணும். ஜன்னலைச் சாத்திட்டு ஃபேனை மட்டும் போட்டா அதே ஈரக் காத்துதான் சுத்திச் சுத்தி வரும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள காயலைன்னா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்த முடைநாத்தம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு சனிக்கிழமை சாயங்காலம் குஷன் சேரை எல்லாம் கழுவி, செமினார் ஹாலைப் பூட்டிட்டுப் போற எந்தக் காலேஜ்லயும் திங்கட்கிழமை காலையில இதே வாசனைதான்.

ஸ்டார் கேட்கற நேரம் சரியில்லை

ஈரத்துணி எப்பவுமே கருப்பாத் தெரியும், கறையை மறைச்சிடும். காயும்போது ஃபோம் அடியில இருக்கற அழுக்கு தந்துகி விளைவால தண்ணியோட சேர்ந்து மேலே ஏறி வரும். தண்ணி ஆவியாகும், கறை மேலேயே தங்கிடும். அதனால கறை போச்சா இல்லையான்னு மறுநாள்தான் தெரியும். ஆனா ஆப் ரேட்டிங் கேட்கறது எப்போ? வேலை முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம். அந்த நேரத்துல ஒழுங்கா செஞ்சவருக்கும் அவசரத்துல செஞ்சவருக்கும் ஒரே அஞ்சு ஸ்டார். சொல்லப்போனா அவசரக்காரருக்கு "சீக்கிரம் முடிச்சிட்டார்"னு பாராட்டும் சேர்த்துக் கிடைக்கும். பொறுமையா செஞ்சவர் அடுத்த ஸ்லாட்டுக்கு லேட்டாப் போய் அங்கே திட்டு வாங்குவார். இப்படியே ஆறு மாசம் போனா யார்தான் பொறுமையா வேலை செய்வாங்க? "இப்பல்லாம் யாருக்கும் வேலையில அக்கறையே இல்லை"ன்னு ரொம்ப சுலபமா சொல்லிடறோம். அக்கறையோட இருக்கறவருக்கு நஷ்டம் வர்ற மாதிரி சிஸ்டத்தைக் கட்டிட்டு அப்படிச் சொல்றது நியாயமே இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்துலயும் உண்மை இருக்கு. நேரம் கூடினா காசு கூடும், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மெதுவா செஞ்சா தரம்னும் அர்த்தம் இல்லை. ரெண்டு மணி நேரம் தண்ணியை ஊத்தி ஊத்தி ஃபோமை ஊற வைக்கிறவரும் உண்டு. கை பழகினவர் வேகமாவும் செய்வார், சுத்தமாவும் செய்வார்.

அவர் எப்படிச் செய்யறார்னு கவனிச்சா நமக்குத் தெரிஞ்ச பாடம்தான். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்ல பைப்லைனிங் படிச்சோமே, அதேதான். முதல் சீட் ஊறிக்கிட்டு இருக்கும்போது ரெண்டாவது சீட்டுக்கு வேக்குவம். ரெண்டாவது ஊறும்போது முதல் சீட்டைத் தேய்க்கிறது. ஊறற நேரம் ஒரு நொடிகூடக் குறையலை, மொத்த நேரம் மட்டும் குறையுது. நான் கேட்கற வேகம் இதுதான். போக்குவரத்துல, மெஷினை மாட்டிக் கழட்டறதுல, ரெண்டு ஆளாப் பிரிச்சு செய்யறதுல எவ்வளவு வேணும்னாலும் குறைங்க. ரசாயனமும் ஆவியாதலும் எடுக்கற நேரத்துல கை வைக்காதீங்க.

நாம என்ன செய்யலாம்?

வீட்டுல புக் பண்ணும்போது காலையில முதல் ஸ்லாட் எடுங்க, பகல் முழுக்கக் காய நேரம் கிடைக்கும். வர்றவர்கிட்ட "அண்ணா, இது என்ன துணி, தண்ணி படலாமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவர் குனிஞ்சு சீட்டைத் தேடினாலே பாதி நம்பிக்கை வந்துடும். ஊறற நேரத்துல அவரை அவசரப்படுத்தாம ஒரு டீ குடுங்க. முடிஞ்சதும் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்க. ஸ்டாரை மறுநாள் போடுங்க.

நாளைக்கு ஆப் கட்டப்போற நண்பர்களுக்கு மூணு விஷயம். ரேட்டிங்கை 24 மணி நேரம் கழிச்சுக் கேளுங்க. ஸ்லாட் நேரத்தை சீட் எண்ணிக்கையை மட்டும் வெச்சு முடிவு பண்ணாம துணி, கறை, மழைக்காலமான்னு பார்த்து வையுங்க. ஊறற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்க. மூணுமே ஒரு செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்ல எழுதிடக்கூடிய கோடுதான்.

'ஸ்லாட் நேரம்'ங்கற கட்டத்துல ஒரு எண்ணை டைப் பண்ற நாள் உங்களுக்கும் வரும். அதுக்கு முன்னாடி ஒரு நாள், அந்த வேலையைச் செய்யற அண்ணன்கூட நாலு வீட்டுக்குப் போய்ப் பக்கத்துல நின்னு பார்த்துட்டு வாங்க.