கூலி கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

சிறுநீரகம் செயலிழந்த சகோதரர் ஒருவரின் டயாலிசிஸ் செலவுக்கு உதவுமாறு ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்யப்படுவது நம் பள்ளிவாசல்களில் வழக்கமாகிவிட்டது. நாம் இயன்றதைக் கொடுக்கிறோம், துஆச் செய்கிறோம். இத்தனை ஆண்டுகள் அவர் என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியையும் நாம் கேட்க வேண்டும்.

பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குவோர், ரேடியேட்டர்களைப் பற்றவைப்போர், பழைய பெயின்டைச் சுரண்டுவோர் ஆகியோர் காரீயத்தின் புகையையும் தூசியையும் நாள்தோறும் சுவாசிக்கின்றனர். கை கழுவாமல் உண்ணும் உணவோடும் புகைக்கும் பீடியோடும் அது உடலுக்குள் செல்கிறது. இரத்தத்தில் கலந்த காரீயம், வேலையை விட்ட சில வாரங்களில் குறையத் தொடங்கும். எலும்பில் படிந்ததோ அவ்வளவு எளிதில் போகாது. அதில் பாதி வெளியேறுவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகலாம். அதுவரை அது எலும்பிலிருந்து சிறிது சிறிதாக இரத்தத்திற்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது பாதிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே தழும்புகள் உண்டாகி, சிறுநீரகம் சுருங்குகிறது. இதில் வலி இல்லை. கிரியேட்டினின் அளவு உயர்ந்து காட்டுவதற்குள் சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கும். ஆகவே, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு அச்சமில்லை என்று முடிவு செய்துவிட முடியாது. இரத்த அழுத்தம் உயர்வதும், யூரிக் அமிலம் தேங்கி மூட்டுகள் வீங்குவதும் இதனோடு சேர்ந்தே வரக்கூடியவை. மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்குவோர், ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலிவிக்கின்றனர்.

பட்டறையின் தூசி உடையோடு வீட்டுக்கும் வருகிறது. செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு அருகேயுள்ள தியாரோய் சுர் மேர் பகுதியில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர். பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த காரீயம் அப்பகுதியின் மண்ணிலும் வீடுகளிலும் பரவியிருந்தது ஆய்வில் தெரியவந்தது.

"இந்த வேலையும் இல்லையென்றால் குடும்பம் எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்கப்படுவது நியாயமே. வேலையை விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. முதலாளியின் பொறுப்பு கூலியோடு முடிந்துவிடுவதில்லை என்றே சொல்கிறோம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, முகத்தில் கட்டும் துணிக்குப் பதிலாகத் தகுந்த சுவாசக் கவசம், வேலைக்கெனத் தனி உடை, வீடு திரும்புமுன் குளிப்பதற்கான வசதி, தூசி எழாதவாறு ஈரத்தால் துடைக்கும் முறை, குறித்த கால இடைவெளியில் இரத்தக் காரீயப் பரிசோதனை ஆகியவை அவர் செலவில் செய்யப்பட வேண்டியவை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து குறைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும் அது கூறுகிறது. நம் நாட்டிலும் இது புதிய செய்தியன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் காரீய நஞ்சைத் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டன. ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத சிறு பட்டறைத் தொழிலாளியிடம் இத்தகைய சட்டங்களின் பயன் சென்று சேர்வது அரிது.

அந்த இடைவெளியை ஜமாஅத் ஓரளவேனும் நிரப்ப முடியும். பைத்துல்மாலிலிருந்து டயாலிசிஸுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதி, பட்டறைத் தொழிலாளர்களின் இரத்தப் பரிசோதனைக்குப் போதும். மருத்துவரிடம் செல்வோர் தாம் பார்க்கும் வேலையையும், முன்பு பார்த்த வேலையையும் மறவாமல் சொல்ல வேண்டும். பட்டறை நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் வேலைக்கு வருபவரின் உடல், அவர் வீடு திரும்பும்வரை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கூலியைக் குறையாமல் கொடுத்து உடலைக் குறைத்து அனுப்பினால், ஹலாலான அந்த வருமானத்தில் ஒரு கடன் தீராமல் நிற்கும்.