பாதியில் நின்ற 710

காலை நிகழ்ச்சியில் சாலை நெரிசலைச் சொல்வதும் என் வேலைதான். அந்த அறிவிப்புக்கென்றே தனிப் பெயர் வைத்திருக்கும் ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே அதை 'சிக்அலர்ட்' என்பார்கள். 1955இல் லாய்ட் சிக்மன் என்ற வானொலிக்காரர், போலீஸ் தரும் தகவலைத் தானாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டு ரயில் ஒன்று கவிழ்ந்தபோது, மருத்துவர்களையும் தாதியரையும் உதவிக்கு வரச் சொல்லி அதன்வழி அறிவித்தார்கள். வேடிக்கை பார்க்கவும் கூட்டம் கிளம்ப, நெரிசல் இன்னும் மோசமானது. வானொலியின் பலம் அப்படி!

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் ஒரே நகரம்தானே நமக்கு நினைவுக்கு வரும்? அது ஒரு கவுண்டியும்கூட. நம் ஊர் மாவட்டம் மாதிரி. சுமார் 1 கோடி மக்கள். அமெரிக்காவில் இதைவிட மக்கள் அதிகமுள்ள கவுண்டி கிடையாது. வடக்கே பாலைவனம், இடையில் 3,000 மீட்டரைத் தாண்டும் மலை, தெற்கே துறைமுகம், கடலில் இரண்டு தீவுகள். இதற்குள் 88 நகரங்கள். பெவர்லி ஹில்ஸ் தனி, சாண்டா மோனிகா தனி. வெர்னன் என்றொரு தொழிற்சாலை நகரம்; 2020 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 222 பேர். அதற்கும் சொந்தமாக நகர மன்றம் உண்டு!

ஈஸ்ட் லாஸ் ஏஞ்சல்ஸில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். அவர்களுக்கு மேயரும் இல்லை, நகர மன்றமும் இல்லை. எந்த நகரத்திலும் சேராத பகுதி அது. எதுவானாலும் கவுண்டியிடம்தான் போக வேண்டும். கவுண்டியை நடத்துவது 5 மேற்பார்வையாளர்கள். ஆளுக்கு ஏறக்குறைய 20 லட்சம் மக்கள். (இதை 9 பேராக்க 2024இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்துவிட்டார்கள்.)

இது சாலையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். லாங் பீச் துறைமுகத்திலிருந்து வடக்கே பாசடீனா வரை போக வேண்டிய விரைவுச்சாலை 710. வழியில் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சல்ஸை அறுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு விரைவுச்சாலையான 60ம் அதே ஊருக்குள் வந்து அதைக் குறுக்கே வெட்டுகிறது. எத்தனையோ வீடுகள் போயின.

அடுத்து 710 தொட வேண்டிய ஊர் சவுத் பாசடீனா. சுமார் 27 ஆயிரம் பேர்தான். ஆனால் சொந்த மன்றம் இருந்தது, வழக்கு நடத்த வசதி இருந்தது. 1973இல் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அரை நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு, 2018இல் மாநில அரசு திட்டத்தையே கைவிட்டது. சாலைக்காக அரசு வாங்கிப்போட்ட நூற்றுக்கணக்கான வீடுகளில் பல, ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. இன்றும் 710 அல்ஹாம்ப்ரா நகரில் திடீரென்று முடிகிறது. அங்கே இறங்கும் வாகனங்களையெல்லாம் உள்ளூர்த் தெருக்கள்தான் தாங்குகின்றன.

சவுத் பாசடீனாவை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கள் வீட்டையும் மரத்தையும் காப்பாற்ற யார்தான் போராட மாட்டார்கள்? அதே வாய்ப்பு தெற்கே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

ஈஸ்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் சும்மா இருக்கவில்லை. தனி நகரமாக வேண்டும் என்று பலமுறை முயன்றார்கள். 1974இல் வாக்கெடுப்பில் தோற்றார்கள். 2012இல் மறுபடி கேட்டபோது, நகரம் நடத்த வருமானம் போதாது என்று எல்லைகளை முடிவுசெய்யும் ஆணையம் மறுத்துவிட்டது. துறைமுகத்து லாரிகள் மட்டும் 710இல் தினமும் அந்த ஊர் வழியாகவே போகின்றன.