புதிய சர்வர் வாங்குவதற்கு முன்...

தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும், தட்கல் முன்பதிவு தொடங்கும் நேரத்திலும், நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவி முன்பும் நாம் கேட்கும் வாசகம் ஒன்றுதான்: 'சர்வர் ஸ்லோ'. பற்றாக்குறையைப் பற்றிப் பாடம் நடத்தியே ஓய்வுபெற்ற எனக்கு, அந்தத் தாமதத்தைவிட அதற்குச் சொல்லப்படும் தீர்வே கவலையளிக்கிறது. 'இன்னும் பெரிய சர்வர் வாங்குவோம்' என்பதே அத்தீர்வு.

அரசுத் துறைகளிலும் வங்கிகளிலும் நமது விவரங்கள் பெரும்பாலும் 'ரிலேஷனல் டேட்டாபேஸ்' எனப்படும் உறவுமுறைத் தரவுத்தளங்களில் உள்ளன. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வகுத்த கோட்பாடு அது. எது வேண்டும் என்று கேட்டால் போதும். அதை எவ்வழியில் தேடி எடுப்பது என்பதை மென்பொருளே தீர்மானிக்கும். அவ்வழி தவறானால் மந்தம் ஏற்படுகிறது.

ஒரு கோடி குடும்ப அட்டைகளில் ஒன்றைத் தேடுவதாகக் கொள்வோம். 'இண்டெக்ஸ்' இல்லையென்றால், சொல்லடைவு இல்லாத நூலைப்போல, ஒரு கோடி வரிகளையும் புரட்ட நேரிடும். வரிசைப்படுத்திய இண்டெக்ஸ் இருந்தால், ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கி, அதிகபட்சம் 24 ஒப்பீடுகளில் உரிய வரியை எட்டிவிடலாம். இரு மடங்கு வேகமுள்ள சர்வரோ, ஒரு கோடி வரிகளைப் புரட்டும் நேரத்தைப் பாதியாக்கும், அவ்வளவே.

அதற்காக எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் அமைப்பதும் தீர்வாகாது. ஒவ்வொரு புதிய பதிவின்போதும் அதையும் திருத்த வேண்டியிருப்பதால், தேடுவதில் மிச்சமாகும் நேரம் எழுதுவதில் செலவாகும். எனவே, நேரம் எங்கே செலவாகிறது என்று முதலில் அளந்தறிய வேண்டும்.

அதற்கான கருவிகள் தரவுத்தளத்திலேயே உள்ளன. தாமதமான வினவல்களைப் பட்டியலிடும் பதிவேடு மைஎஸ்க்யூஎல்லில் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸின் 'எக்ஸ்பிளைன் அனலைஸ்' கட்டளை, மென்பொருள் மதிப்பிட்ட வரிகளையும் உண்மையில் கிடைத்த வரிகளையும் அருகருகே காட்டும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், புள்ளிவிவரம் பழசாகியிருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே ஆண்டுக்கணக்கில் திட்டமிட்ட நமக்கு, இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

சில வேளைகளில் தடை வேறிடத்தில் இருக்கும். ஒரு பரிவர்த்தனை பூட்டி வைத்துள்ள வரிக்காக நூறு பேர் காத்திருந்தால், புதிய சர்வரும் அவர்களோடு சேர்ந்தே காத்திருக்கும்.

இவற்றையெல்லாம் சீர்செய்த பிறகும் நெரிசல் நேரத்தில் திறன் போதவில்லையெனில், தாராளமாக வாங்கலாம். அளந்து பாராமல் வாங்குவதே வீண்செலவு.

ஆகவே, சர்வர் கொள்முதலுக்கான ஒவ்வொரு டெண்டருடனும் இத்தகைய ஆய்வறிக்கை இணைக்கப்பட வேண்டும். நெரிசல் நேரத்தில் ஒரு கோரிக்கைக்குப் பதில் கிடைக்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்பதை ஒவ்வொரு துறையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தின் கட்டணமும் அந்த அளவுகோலைச் சார்ந்தே அமைய வேண்டும்.

கடை வாசலில் காத்திருந்து அரைநாள் கூலியை இழப்பவரின் நட்டம் எந்தத் துறையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறியிருந்தால், எங்கே தாமதம் என்று என்றோ அளந்திருப்பார்கள்.