கடைசி வரிசையில் சிறு முதலீட்டாளர்

நூறு ரூபாய்க்கு விற்ற பங்கு ஐந்து ரூபாய்க்குக் கிடைத்தால் அது மலிவு என்றே எவருக்கும் தோன்றும். நிறுவனம் திவாலாகிவிட்டது, பெருமுதலாளி ஒருவர் அதை வாங்கப் போகிறார், பின்னர் விலை பன்மடங்கு உயரும் என்ற பேச்சும் உடன் பரவுகிறது. இதை நம்பிச் சேமிப்பை இழப்போர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களும் சிறு வணிகர்களுமே.

திவான் ஹவுசிங் பைனான்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சான்று. 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவை அகற்றியது. அடுத்த மாதம் திவால் நடவடிக்கை தொடங்கியது. அதன் பின்னரும் பங்கு வர்த்தகம் தொடர்ந்தது. பிரமல் குழுமம் சுமார் 34,250 கோடி ரூபாய்க்கு அந்நிறுவனத்தைக் கையகப்படுத்தும் திட்டத்திற்கு 2021 ஜூன் 7 அன்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் அளித்தது. செய்தி வந்ததும் பங்கு விலை ஏறியது. ஆனால் அத்திட்டத்தின்படி பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்ஜியம். சில நாட்களில் வர்த்தகம் நிறுத்தப்பட்டு, பங்குகள் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நிறுவனம் பிழைத்தது, பங்குதாரர் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

இது தற்செயல் அன்று. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் 53ஆவது பிரிவில் பகிர்வு வரிசையை வகுத்துள்ளது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து தொழிலாளரின் 24 மாத நிலுவையும் பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தோரின் தொகையும். பின்னர் பிற ஊழியரின் ஓராண்டு நிலுவை, பிணையமற்ற கடன், அரசுக்குரிய பாக்கி. சாதாரணப் பங்குதாரர் கடைசி. இந்நிறுவனத்தில் ஏற்கப்பட்ட கடன் கோரிக்கைகள் மட்டும் சுமார் 87 ஆயிரம் கோடி ரூபாய். கடன் கொடுத்தோருக்கே பாதி தேறாதபோது கடைசி வரிசைக்கு என்ன எஞ்சும்?

ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் காண வேண்டும். முறைகேடான பரிவர்த்தனைகளில் வெளியேறியதாகக் கூறப்பட்ட சுமார் 45 ஆயிரம் கோடி ரூபாயில் இனி மீளக்கூடிய தொகைக்கு அத்திட்டம் இட்ட மதிப்பு ஒரே ஒரு ரூபாய். மீண்டால் அது புதிய உரிமையாளருக்கே. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இழப்பு எளியோருக்கு, ஆதாயம் மூலதனத்திற்கு என்பதே இச்சட்டத்தின் நடைமுறை.

எனவே, பங்குகளுக்கு மதிப்பில்லை எனக் கூறும் திட்டத்தைக் கடன் கொடுத்தோர் குழு ஏற்ற நாளிலேயே வர்த்தகத்தை நிறுத்த செபி விதி வகுக்க வேண்டும். திவால் நிறுவனப் பங்கை வாங்க முற்படுவோருக்கு அவரவர் தாய்மொழியில் எச்சரிக்கை தரப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை எழுப்புவதோடு, பணியிடத்திலும் குடியிருப்பிலும் இந்த மலிவு விலையின் உண்மைப் பொருளை விளக்குவதும் கட்சி அணிகளின் கடமை.