தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்

ஹாஸ்டல் க்ரூப்பில் அந்த வீடியோ மறுபடியும் வந்துச்சு. செமஸ்டருக்கு ஒருமுறை யாராவது அதைத் தோண்டி எடுத்துப் போடுவாங்க. 2017 ஏப்ரல், சீனாவின் செங்டு நகரம். ஒரு பக்கம் ஷு ஷியாவ்டாங் என்ற எம்.எம்.ஏ. வீரர். எதிரில் வெய் லெய், டாய் சி மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டவர். கையை முன்னால் நீட்டிக்கொண்டு அமைதியாக நிற்கிறார். சண்டை அரை நிமிஷம்கூட ஓடவில்லை. மாஸ்டர் தரையில் கிடக்கிறார், மேலே சரமாரியாகக் குத்து விழுகிறது.

கீழே வழக்கமான கமெண்ட்டுகள். "பார்க்ல தாத்தா பாட்டிங்க ஆடுற டான்ஸ் மச்சி இது" என்று பாதிப் பேர். "இவர் செஞ்சது ஒரிஜினல் டாய் சி இல்ல ப்ரோ, ஒரிஜினல் வேற லெவல்" என்று மீதிப் பேர். நான் மூணு வருஷமா இதைக் கத்துக்கிட்டு இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால என்னை டேக் பண்ணி, "நீங்க சொல்லுங்க மாஸ்டர்" என்று கலாய்ப்பு வேற.

க்ரூப்பில் டைப் பண்ணினால் யாரும் படிக்க மாட்டீங்க. அதனால் இங்கே எழுதுறேன். முதல் கூட்டம் சொல்றது தப்பு, அது விஷயம் தெரியாம சொல்றது. ஆனா இரண்டாவது கூட்டம் சொல்றதுதான் எனக்கு அதிகக் கோபம் வருது. "ஒரிஜினல்" என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிஞ்சுக்கிட்டுதான் இந்தக் கலை ரொம்ப நாளா டெஸ்டுக்கு வராம இருக்கு.

ஒரிஜினல் எது என்றே பார்ப்போம். ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி வூடாங் மலையில் உண்டாக்கியது என்று ஒரு கதை. 1930களில் டாங் ஹாவ் என்ற வரலாற்று ஆய்வாளர் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென்ஜியாகோவ் கிராமத்துக்கே போய் விசாரித்துவிட்டு, துறவி கதையெல்லாம் பின்னால் சேர்ந்தது, 17ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த சென் வாங்டிங்தான் தொடங்கியவர் என்று எழுதினார். இரண்டு கட்சிக்கும் இன்னும் ஆள் இருக்கு. ஆக, மூலமே வழக்கில் இருக்கு.

அந்தக் கிராமத்தில் சென் குடும்பம் தங்கள் வித்தையை வெளியாளுக்குச் சொல்லித் தருவதில்லை என்பது மரபு. அதை உடைத்து உள்ளே போனவர் யாங் லுச்சான் (1799–1872). அங்கே வேலைக்காரராக இருந்துகொண்டு, ராத்திரி சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தே கற்றார் என்று சினிமாத்தனமான ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சென் சாங்ஷிங் என்ற ஆசிரியரிடம் அவர் பல வருஷம் கற்றது நிஜம். பிறகு பெய்ஜிங் போய் மஞ்சு பிரபுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். "வெல்ல முடியாத யாங்" என்று பட்டப்பெயரும் வாங்கினார். இன்று உலகம் முழுக்க பார்க்குகளில் நாம் பார்க்கும் மெதுவான டாய் சி பெரும்பாலும் இந்த யாங் குடும்பத்து வழிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சமாசாரம் இங்கே இருக்கு. சென் முறையில் ஆரம்பத்திலேயே ஒரு அசைவு வரும், பெயர் "லான் ஜா யி". நீளமான அங்கியைச் சோம்பலாக மடித்துச் செருகிக்கொள்வது என்று அர்த்தம். யாங் முறையில் கிட்டத்தட்ட அதே இடத்தில் வருவது "லான் ச்யுவே வெய்", அதாவது குருவியின் வாலைப் பிடிப்பது. அங்கி எப்படிக் குருவி ஆச்சு? வாயால் சொல்லி, காதால் கேட்டு, எழுதிவைக்காமல் கைமாறியதில் ஒலி நழுவிவிட்டது என்பது பலரும் தரும் விளக்கம். அந்தக் குருவிக்கு அப்புறம் தனியாக விளக்கம், தத்துவம் எல்லாம் வந்துவிட்டது, அது வேற கதை.

பெயரே இப்படி நழுவினால் உடம்பு நழுவாதா? சென் முறையில் காலை ஓங்கி மிதிப்பார்கள், மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று வெடிக்கிற மாதிரி ஒரு குத்து வரும். யாங் லுச்சானின் பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) செய்ததில் அதெல்லாம் இல்லை, முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீரான வேகம். அவரே இளவயதில் சத்தம் வர வேகமாக உதைத்தார், பின்னாளில்தான் அதையும் மெதுவாக்கினார் என்று சொல்கிறார்கள். அப்படியானால் முதலில் கற்ற மாணவரும் கடைசியில் கற்ற மாணவரும் ஒரே ஆசிரியரிடமிருந்து இரண்டு வித்தையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு பேரும் "எங்க வாத்தியார் இப்படித்தான் சொல்லித் தந்தார்" என்று சத்தியம் பண்ணலாம், இரண்டும் உண்மை. சுன் லுதாங் இன்னொரு தினுசு. ஷிங்யி, பாகுவா என்ற இரண்டு கலைகளில் ஊறிய பிறகு டாய் சிக்கு வந்தவர். அதனால் அவர் வழியில் ஒரு கால் நகர்ந்தால் மற்றக் காலும் பின்னாலேயே ஓடி வந்து சேரும்.

இந்த வித்தியாசங்களைப் பார்த்து "கலப்படம்" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. உடம்பிலிருந்து உடம்புக்குப் போகிற எதுவும் ஜெராக்ஸ் மாதிரி போகாது.

சரி, எனக்கு இது எப்படி உறைத்தது என்பதைச் சொல்லணும். முதல் வருஷம் முழுக்க நான் யூட்யூப் பார்த்துத்தான் கற்றேன். 24 அசைவு உள்ள சுருக்கமான வரிசை. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் முறையிலிருந்து தொகுத்தது, ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கண்ணாடி முன்னால் கோணம் சரிபார்த்து, கிட்டத்தட்ட பெர்ஃபெக்ட்டாகச் செய்வேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாம் வருஷ லீவில் சிங்கப்பூரில் சித்தி வீட்டில் ஒன்றரை மாசம் இருந்தேன். ப்ளாக்குக்குக் கீழே திறந்தவெளித் தளத்தில் காலை ஆறரைக்கு இரண்டு டாய் சி குழுக்கள். நடுவில் இருபதடி இடைவெளி. ஒரு குழு உள்ளங்கையை முன்னால் தள்ளும்போது மணிக்கட்டை மடக்கி விரலை மேலே நிமிர்த்தும். இன்னொரு குழு மணிக்கட்டை மடக்கவே மடக்காது, கை அப்படியே நேராக, தளர்வாக இருக்கும். மடக்குவது யாங் செங்ஃபூ வழி. நேராக வைப்பது அவருடைய மாணவர் செங் மன்-சிங் வழி. (சென் குடும்பம் வேறு, இந்தச் செங் வேறு. நானும் ஆறு மாசம் குழம்பினேன்.) செங்கின் மாணவர் ஹுவாங் ஷெங்-ஷ்யான் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததால் அந்தப் பக்கத்தில் நேர்க்கைக்காரர்கள் அதிகம்.

மடக்கும் குழுவில் ஒரு அங்க்கிளிடம் கேட்டேன். "அவங்களுக்குப் பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்றார். நேர்க்கைக் குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு ஆன்ட்டியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "உனக்கு என்ன தெரியும், செய்து காட்டு" என்றார். காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் முன்கையை என் முன்கை மேல் வைத்துவிட்டு, "தள்ளு" என்றார்.

தள்ளினேன். அங்கே ஆள் இல்லை. கையில் கை இருக்கு, ஆனா தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. நான் இரண்டு எட்டு முன்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டேன். நாலு முறை அதேதான். ஐந்தாவது முறை அவர் லேசாக நகர்ந்தார், நான் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவரே அந்த மடக்கும் அங்க்கிளைக் கூப்பிட்டு, என்னை அவரோடும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் விழுந்தேன். மணிக்கட்டு விஷயத்தில் எதிர்க்கட்சியாக இருக்கும் இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி விழவைத்தார்கள்! அன்றைக்கே எனக்கு மணிக்கட்டு சண்டையில் ஆர்வம் போய்விட்டது.

அந்தப் பயிற்சிக்குப் பெயர் புஷ் ஹேண்ட்ஸ். இரண்டு பேர் கையை ஒட்டவைத்துக்கொண்டு, எதிராளியின் பலம் எந்தப் பக்கம் வருகிறது என்று தோலால் படித்து, அவர் நிலையைக் குலைக்க வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், அந்த 24 அசைவு ரெக்கார்டு நோட். புஷ் ஹேண்ட்ஸ்தான் வைவா. ரெக்கார்டை யாரைப் பார்த்து வேணும்னாலும் எழுதலாம், நாம எழுதாததா? வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு கேள்வி கேட்டால் கதை முடிஞ்சுது.

என் குற்றச்சாட்டு இதுதான். டாய் சி சொல்லித்தருவதில் இன்று இரண்டு பெரிய வழிகள் இருக்கு, இரண்டிலும் வைவா காணாமல் போய்க்கொண்டு இருக்கு. ஒன்று பொது வகுப்பு. ஐம்பது பேர் வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்வது. இதனால்தான் கோடிக்கணக்கான பேரிடம் இந்தக் கலை போய்ச் சேர்ந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்கே யாரும் யாரையும் தொடுவதே இல்லை.

இன்னொன்று மரபு வழி. பைஷி என்று ஒரு சடங்கு. மாணவர் குருவின் முன் மண்டியிட்டு, தலைவணங்கி, தேநீர் கொடுத்து, உள்வீட்டுச் சீடராகச் சேர்வார். பரம்பரைப் பட்டியலில் பெயர் ஏறும். இங்கே தொடுவார்கள், தள்ளுவார்கள், நிஜமான நுணுக்கமும் கிடைக்கும். எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு. பிரச்சினை என்னன்னா, தேநீர் கொடுத்துக் காலில் விழுந்த ஒருவன், குருவை நிஜமாகவே தள்ளுவானா? முதல் வருஷம் லேசாக விட்டுக்கொடுப்பான். ஐந்தாம் வருஷம் குருவின் விரல் பட்டாலே பறப்பான். பத்தாம் வருஷம் தொடாமலே பறப்பான். அந்த வீடியோக்களையும் பார்த்திருப்பீங்க. அதில் யாரும் வேணும்னே நடிக்கணும்னு அவசியம் இல்லை. மரியாதையே பழகிப் பழகி உடம்பில் ஏறிவிடும். குருவுக்கும் தன் பலம் எவ்வளவு என்று தெரியாமலே போய்விடும். கடைசியில் வெளியாள் ஒருவன் வந்து குத்தும்போதுதான் எல்லாருக்கும் தெரியுது.

செங்டு சண்டைக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. சீன வூஷூ சங்கம் அந்தச் சண்டை தற்காப்புக் கலையின் ஒழுக்கத்துக்கு எதிரானது என்று அறிக்கை விட்டது. ஷுவின் சோஷியல் மீடியா கணக்கு மூடப்பட்டது. "வாங்க, முறையா ஒரு டெஸ்ட் வைப்போம்" என்று அந்த அறிக்கை சொல்லவில்லை.

இதற்கு 63 வருஷம் முன்னால் டாய் சிக்காரர் ஒருவர் மேடை ஏறியிருக்கிறார். 1954 ஜனவரி, மக்காவ். வூ குடும்ப டாய் சியின் தலைவர் வூ கொங்யி, ஐம்பதைத் தாண்டியவர். எதிரில் வெண்கொக்கு முறையைச் சேர்ந்த, முப்பதுகளில் இருந்த சான் ஹாக்-ஃபூ. படச்சுருள் இன்றும் நெட்டில் கிடைக்கிறது, போய்ப் பாருங்க. அழகாகவே இருக்காது. கையை வீசுறாங்க, மூக்கில் ரத்தம், கயிற்றில் சாய்றாங்க. இரண்டாவது ரவுண்டோடு நிறுத்திவிட்டு, "வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமமும் இல்லை" என்று தீர்ப்பு சொன்னார்கள்! நம்ம மாடரேஷன் கமிட்டிகூட இப்படி மார்க் போட்டதில்லை. ஆனா எனக்கு அந்த அசிங்கமான சண்டை மேல்தான் மரியாதை. அவர் போனார், நின்றார், குத்து வாங்கினார், கொடுத்தார்.

"எல்லாரும் சண்டை போடவா கத்துக்கறாங்க? உடம்புக்கு நல்லது, அது போதாதா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. தாராளமா போதும். 2012இல் ஒரு ஆய்வு வந்தது. பார்கின்சன் நோய் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு நாள், 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நிலைதடுமாறாமல் நிற்பதில் டாய் சி குழு மற்ற இரண்டு குழுக்களையும்விட நன்றாகச் செய்தது. கீழே விழுவது, வெறும் ஸ்ட்ரெட்ச்சிங் செய்தவர்களைவிடக் குறைந்தது. ஆனா எடைப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று சொன்னவர்கள் அளந்து காட்டிவிட்டு, எதில் ஜெயிக்கலை என்பதையும் சொன்னார்கள். பரம்பரைப் பட்டியலைக் காட்டிச் சமாளிக்கவில்லை. சண்டைக்கு உதவும் என்று சொல்பவர்களிடமும் நான் கேட்பது இதே நேர்மையைத்தான்.

அதனால் யாராவது "நான் யாங் குடும்பத்தில் ஆறாவது தலைமுறை" என்று ஆரம்பித்தால், நல்லதுங்க, சந்தோஷம். மூணு வருஷம் உங்களிடம் கற்ற ஒருவரோடு நான் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமா? உங்கள் சீடர் அல்லாத ஒருவர் உங்களைத் தள்ளி எவ்வளவு நாளாச்சு? இந்த இரண்டு கேள்விக்கும் ஒருவர் முகம் சுளித்தால் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இப்போ ஹாஸ்டல் பின்னால் வாலிபால் கோர்ட்டில் சனி, ஞாயிறு காலை நானும் ரூம்மேட்டும் புஷ் ஹேண்ட்ஸ் செய்றோம். அவன் டாய் சி கற்றவனே இல்லை, பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினவன். என் மேல் அவனுக்குத் துளி மரியாதையும் கிடையாது, அதனால் நல்ல பார்ட்னர். பத்துக்கு ஏழு முறை நான்தான் விழறேன். போன மாசம் ஒன்பது.